நாலாவது பெட்டி

காலையில் பல் தேய்க்கும்போது கண்ணாடியில் தெரிகின்றன, என் இரு கன்னங்களிலும் ராத்திரி மாட்டித் தூங்கும் மாஸ்க்கின் வார் அழுத்திய சிவப்புக் கோடுகள். பத்து மணிக்குள் மறைந்துவிடும். ஆனால் எனக்கு ஏழரைக்கே சங்கராபுரம் பஸ். "கொஞ்சம் பவுடர் அடிச்சிக்கினு போயேன், பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?" என்கிறார் வீட்டுக்காரர். நினைக்கட்டுமே! இந்தக் கோடுகளை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு தலைமையாசிரியை அம்மாவின் முகத்தில், கல்வராயன் மலையில், ஓட்டுப்பதிவு நாளின் விடியற்காலையில். அவர் பவுடர் அடித்துக்கொள்ளவில்லை.

அந்த அம்மாவை எங்கள் ஒன்றியத்தில் எல்லோருக்கும் தெரியும், ஒரு புகைப்படத்தால். ஆய்வுக் கூட்டத்தில் வாய் பிளந்து தூங்கியவரை யாரோ படமெடுத்து ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். தூங்குமூஞ்சி டீச்சர் என்று பெயரும் வைத்தார்கள். மனுஷிக்கு ராத்திரியெல்லாம் தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வந்துகொண்டிருந்தது. நிற்கும்போதெல்லாம் திணறி விழிப்பார். பிறகு பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் செருகாமல் என்ன செய்யும்? அது ஒரு நோய் என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் சிரிக்காமல் இருந்திருப்போமா என்ன! மேலே இருந்த ஒருவர், பள்ளியை நடத்த இவருக்குத் தகுதியில்லை என்று ஃபைலே திறந்துவிட்டார்.

அதன் பிறகுதான் அவர் சோதனை செய்துகொண்டு அந்தக் கருவியை வாங்கினார். மூக்கில் மாஸ்க், அதிலிருந்து ஒரு குழாய், முனையில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி. பெட்டி ஊதும் காற்று தொண்டையை அடையவிடாமல் திறந்தே வைத்திருக்கும். போட்டுக்கொண்டு படுத்தால் தூக்கம் தூக்கமாக இருக்கும். ஒரு ராத்திரி போடாவிட்டாலும் மறுநாள் பழைய கதைதான்.

அந்த வேளையில் தேர்தல் பணி ஆணை வந்தது, மலைமேல் ஒரு பூத்துக்குப் பொறுப்பாக. அங்கே முந்தைய நாளே போய்ப் படுக்க வேண்டும். டாக்டர் சர்டிபிகேட் கொடுத்து விலக்கு வாங்கிக்கொள்ளச் சொல்லி எல்லோரும் புத்தி சொன்னார்கள். "அதையே என் ஃபைல்ல தச்சிடுவாங்க. நானே கையெழுத்துப் போட்டு குடுத்த மாதிரி ஆயிடும்" என்று மறுத்துவிட்டார். போகாவிட்டால் லாயக்கில்லாதவர், போய் ஒரு நிமிஷம் கண்ணயர்ந்தால் சஸ்பெண்ட். இரண்டுக்கும் நடுவில் அவர் நம்பியது அந்தப் பெட்டியை மட்டும்தான்.

அவருக்குக் கீழே இரண்டாம் அலுவலராக விழுந்த பெயர் என்னுடையது. வேனில் அவர் மடியில் பெட்டிப் பை, காலடியில் மைக்செட்காரரிடம் கேட்டு வாங்கிய பேட்டரியும் இன்வெர்ட்டரும். மலைமேல் கரண்ட் போனால் அதுதான் துணை. மலையேறும்வரை பேசாமல் வந்தவர் ஒரு வளைவில் திரும்பி, "அந்தப் படத்துக்குக் கீழ ரெண்டு சிரிப்பு மூஞ்சி போட்டது நீதானேம்மா?" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "பரவால்ல. மத்தவங்க அஞ்சாறு போட்டாங்க. நீ கம்மிதான்."

சாயங்காலம் பூத்தில் பொருட்களை இறக்கி வைத்தோம். கட்சி ஏஜெண்டுகள் வந்து எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் ஒரு பெரியவர் சுவரோரம் இருந்ததை விரல் நீட்டி எண்ணினார். "மேடம், ஓட்டு மிஷினு மொத்தம் மூணு பொட்டிதான். நாலாவது இன்னாத்துக்கு? அதுல வேற பைப்பு, ஒயரு!" வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. மண்டல அலுவலருக்குப் போன் பறந்தது. "மேடம், பிரச்சினை பண்ணாதீங்க, அத வேன்லயே குடுத்து அனுப்பிடுங்க" என்றார் அவர். பெட்டி மலையிறங்கினால் அந்த அம்மாவின் வேலையும் சேர்ந்து இறங்கும்.

அவர் சத்தமே போடவில்லை. பாயை விரித்தார். அத்தனை ஆம்பிளைகள் பார்க்க அதில் மல்லாந்து படுத்து, மாஸ்க்கை மாட்டி, பொத்தானைத் தட்டினார். சின்னதாக இரைச்சல் கேட்டது. பிறகு எழுந்து, மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அந்தப் பெரியவரைப் பார்த்தே சொன்னார். "இதுல உங்க ஓட்டு எதுவும் இல்லீங்க, என் மூச்சுதான் இருக்குது. பக்கத்து ரூம்ல வச்சிக்கறேன், விடிஞ்சதும் உங்க கண்ணு முன்னாலயே வேன்ல ஏத்திடறேன். இத நீங்க எடுத்துக்கினு போனா நாளைக்கி இங்க உக்காந்து தூங்குவேன். தூங்கறவ நடத்தற எலக்சன் ஒங்களுக்கு வேணுமா?" பெரியவர் தாடையைத் தடவினார். "எங்க அண்ணனும் இப்பிடித்தாம்மா, தூக்கத்துல மூச்ச நிறுத்தி நிறுத்தி இழுப்பாரு. இதுக்கு மிஷினு கீதா?" அதோடு தகராறு முடிந்தது. அரைமணி நேரம் அவர்களுக்கு விளக்கம் சொன்னார் அந்த அம்மா. நானும் பக்கத்தில் நின்று கேட்டேன், வெட்கத்தோடுதான்.

விடியற்காலையில் அந்தச் சிவப்புக் கோடுகளோடு வந்து மாதிரி ஓட்டுப்பதிவு நடத்தினார். கடைசி ஆள் ஓட்டுப் போட்டுப் போகும்வரை ஒரு கொட்டாவிகூட விடவில்லை. மத்தியானம் மூன்று மணிக்குக் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் என் தோளில் ஸ்கேலால் யாரோ தட்டினார்கள். திறந்து கிடந்த பதிவேட்டின் மேல் நான் தூங்கியிருக்கிறேன்! அந்த அம்மா குனிந்து என் காதில் சொன்னார்: "எழுந்திரு. நான் போட்டோ எடுக்க மாட்டேன்." கொஞ்சம் பொறுத்து, "ராத்திரி குறட்ட சத்தம் என்னுதுன்னு நெனச்சியா? மாஸ்க் போட்டா எனக்கு அது வராது. உன்னுதும்மா. காலைல தல வலிக்குதா?" என்றார். இல்லை என்று பொய் சொன்னேன்.

அந்தப் பொய்யோடு இன்னும் ஒரு வருஷம் ஓட்டினேன். பிறகு போய்ச் சோதித்ததில் எனக்கும் அதேதான். முதல் வாரம் மாஸ்க்கைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தேன், மூக்கு காய்ந்து எரிந்தது. போகப் போகக் காலைத் தலைவலி போனது, ராத்திரி நாலைந்து முறை எழுந்து பாத்ரூம் போவது நின்றது. பிரஷர் கொஞ்சம்தான் இறங்கியது, மாத்திரை இன்னும் இருக்கிறது. உடம்பு ஒரு சுற்றும் இளைக்கவில்லை. ஆனால் பகலில் நான் நானாக இருக்கிறேன். அந்த அம்மா ரிட்டயர் ஆகும் நாள்வரை அதே நாற்காலியில்தான் இருந்தார்.

போன வாரம் தேர்தல் பணி ஆணை வந்தது. மறுபடியும் மலை, இந்த முறை பூத்துக்குப் பொறுப்பு நான். "சர்டிபிகேட் குடுத்து தப்பிச்சிக்கோங்க டீச்சர்" என்கிறார்கள் ஸ்டாஃப் ரூமில். இன்று காலை பவுடர் இல்லாமல் உள்ளே நுழைந்ததும் ஒரு சின்ன வயசு வாத்தியார் என் கன்னத்தைப் பார்த்தார், பிறகு கையிலிருந்த போனைப் பார்த்தார். நான் ஜன்னல் வெளிச்சத்துக்கு வந்து நின்றேன். "எடுங்க சார்," என்றேன். "படத்துல ரெண்டு கன்னமும் விழணும்."