பலாமரத்தில் தொங்கிய போன்

எழுதத் தெரிந்தவர்கள் எழுதுகிற இடத்தில் நானும் வந்து உட்கார்ந்ததற்கு முதலிலேயே மன்னித்துக்கொள்ளுங்கள். கல்வராயன் மலையில் விடுதிப் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை படித்தவள் நான். இப்போது அதே மலையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறேன். நாலு பேர் கூடியிருந்தால் அங்கே எனக்கு வாய் வராது. வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வருடம்தான் என் மகள் கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்திருந்தாள். இரண்டு வருடப் படிப்பு. சேரும்போதே அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள், மலைப் பிள்ளைகளுக்கு அரசாங்கத்தின் கல்வி உதவித்தொகை உண்டு, ஆனால் தேதிக்குள் விண்ணப்பம் போட்டால்தான் உண்டு என்று. அது கிடைக்காவிட்டால் கட்டணம் நாங்கள்தான் கட்ட வேண்டும். என் வீட்டுக்காரர் குடகில் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போயிருந்தார். அவர் அனுப்புவது சாப்பாட்டுக்கும் பழைய கடனுக்குமே சரியாக இருந்தது. உதவித்தொகை இல்லையென்றால் மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலை ஏறிவிட வேண்டியதுதான். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இருவரும் பேசிக்கொண்டதில்லை.

வருமானச் சான்றுக்கு மூன்று முறை அலைந்தேன். கடைசித் தேதிக்கு முதல் நாள்தான் கைக்கு வந்தது. மறுநாள் பள்ளிக்கூடத்து அடுப்பை உதவியாளரிடம் விட்டுவிட்டு, விடியற்காலைப் பேருந்தில் ஏறினேன். மடியில் மஞ்சள் பை. அதற்குள் சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம், மதிப்பெண் பட்டியல். வளைவுக்கு வளைவு பையைத் திறந்து பார்த்தேன். கச்சிராயபாளையத்தில் ஒரு தரம், வடக்கனந்தலில் ஒரு தரம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, உள்ளே கோழிக்குஞ்சு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

மகள் பேருந்து நிலையத்தில் காத்திருந்தாள். அங்கிருந்து ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனோம். என் வயதுள்ள ஒரு பெண்தான் அதை நடத்தினார். எங்களைப் போலவே கடைசி நாளில் வந்தவர்கள் வாசல் வரை நின்றார்கள். கம்ப்யூட்டர் நடுநடுவே நின்று சுற்றியது. எங்கள் முறை வரும்போது மணி ஒன்றரை ஆகிவிட்டது. ஐந்து மணிக்குள் விண்ணப்பத்தைப் பிரிண்ட் எடுத்துக் கல்லூரியில் கொடுத்தாக வேண்டும்.

அந்தப் பெண் மளமளவென்று அடித்தார். நான் ஒவ்வொரு காகிதமாக எடுத்து நீட்டினேன். எதுவும் குறையவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது. அப்போது அவர் நிமிர்ந்து, ஆதாரில் இருக்கிற போன் நம்பருக்கு ஓடிபி போயிருக்கிறது, சொல்லுங்கள் என்றார்.

நான் மகளைப் பார்த்தேன். மகள் என்னைப் பார்த்தாள். ஆதாரில் இருப்பது எங்கள் வீட்டுப் பட்டன் போனின் நம்பர்.

"போன் எங்கம்மா?" என்றார் அந்தப் பெண்.

"மரத்துல" என்றேன்.

நான் விளையாடுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். மகள்தான் விளக்கிச் சொன்னாள். எங்கள் ஊரில் ஒரே ஒரு பலாமரத்தின் கீழ்க்கிளையில்தான் டவர் கிடைக்கும். அதனால் நாலைந்து வீட்டுப் போன்களைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு அந்தக் கிளையிலேயே தொங்கவிட்டிருப்போம். சார்ஜ் போட மட்டும் வீட்டுக்கு எடுத்து வருவோம். எந்தப் போன் அடித்தாலும், காதில் விழுந்தவர் போய் எடுத்துப் பேசி, உரியவருக்குச் சேதி சொல்ல வேண்டும். அது ஊர்க் கட்டுப்பாடு மாதிரி. போனைக் கையோடு எடுத்துப் போகிற பழக்கம் எங்களில் யாருக்கும் கிடையாது. அன்றைக்கும் எனக்கு அந்த நினைப்பே வரவில்லை.

ஓடிபி பத்து நிமிடம்தான் செல்லும், மூன்று முறைதான் அனுப்ப முடியும், அதற்கு மேல் இன்றைக்குப் பூட்டிக்கொள்ளும் என்றார் அவர். அதில் ஒன்று ஏற்கெனவே போய்விட்டது. எங்களை ஒதுங்கி உட்காரச் சொல்லிவிட்டு அடுத்த ஆளை அழைத்தார்.

மகள் தன் போனிலிருந்து அடித்தாள். மணி முழுதாக ஒலித்து அடங்கியது. மற்ற வீட்டு நம்பர்களுக்கும் அடித்தாள். அவையும் அதே மரத்தில் தொங்குபவைதான். ஐப்பசி மாதம், சாமை அறுப்பு. ஊரே கொல்லைக்காட்டில் இருக்கும். என்னால் உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன், மறுபடியும் வாசலுக்குப் போனேன்.

எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. அந்தப் பலாமரம் நிற்பது என் நாத்தனார் கொல்லை வரப்பில். வீட்டுக்காரருக்கு அக்கா. மகள் பன்னிரண்டாவது முடித்ததும் தன் மகனுக்கு அவளைக் கேட்டார். முறைப் பெண், கேட்டதில் தப்பில்லை. படிக்கட்டும் என்று நாங்கள் சொல்லிவிட்டோம். டீச்சரானால் எம்புள்ள அவளை ஏணி வைத்துத்தான் பார்க்கணும் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவர்தான். ஐந்தாறு மாதமாக என்னோடு ஒரு வார்த்தை இல்லை. தண்ணீர் பிடிக்கும் இடத்தில் நான் வந்தால் குடத்தை நகர்த்திக்கொள்வார். அறுப்பு நேரத்தில் மரத்தடியில் இருக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

எட்டாவதோ ஒன்பதாவதோ தடவை யாரோ எடுத்தார்கள். மகள் போனை ஸ்பீக்கரில் போட்டு என் கையில் திணித்துவிட்டாள்.

"யாரு?" நாத்தனார் குரல்தான்.

"நான்தான் அண்ணி."

கவர் சரசரக்கிற சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"மரத்துக்குப் பண்ணியா, எனக்குப் பண்ணியா?"

"மரத்துக்குத்தான் பண்ணேன் அண்ணி. நீங்க எடுக்கணும்னு வேண்டிக்கினேன்."

விஷயத்தைத் திக்கித் திக்கிச் சொன்னேன். மெசேஜ் வரும், அதில் ஆறு எண் இருக்கும், அதைச் சொன்னால் போதும் என்றேன்.

"சொன்னா இன்னா ஆவும்?"

"காலேஜிக்குப் பணம் வரும்."

"சொல்லலன்னா?"

மகள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். எனக்குப் பொய் சொல்ல நேரம் போதவில்லை. "வூட்டுக்கு வந்துருவா அண்ணி" என்றேன்.

கடைக்காரப் பெண்கூட அடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னும் எத்தினி வருசம் படிப்பா?"

மகள் ஒரு விரலைக் காட்டினாள். ஒன்று என்று சொல்லச் சொன்னாள்.

"ரெண்டு வருசம் அண்ணி. அப்பறம் அரசாங்கப் பரீட்ச ஒண்ணு இருக்குது. அதுல பாஸ் பண்ண எத்தினி வருசம் ஆவும்னு எனக்குத் தெரியாது."

மகள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

"அதுக்குள்ள எம்புள்ள தல நரச்சிரும்" என்றார் நாத்தனார். பிறகு, "சரி, அனுப்பச் சொல்லு. எனக்கு எழுத்துதான் தெரியாது, நம்பரு தெரியும். கெழங்கு எடையில ஏமாந்து ஏமாந்து கத்துக்கினது" என்றார்.

கடைக்காரப் பெண் இரண்டாவது முறை அனுப்பினார். பேசிக்கொண்டே மெசேஜைப் பார்க்க நாத்தனாருக்குத் தெரியாது என்பதால் இணைப்பைத் துண்டித்தோம். திரும்ப அடித்தால், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. மறுபடியும் அதுவே. ஐந்து நிமிடம், எட்டு நிமிடம். வேண்டுமென்றே செய்கிறார் என்று மகள் அழ ஆரம்பித்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பத்து நிமிடம் தாண்டிய பிறகு அவரே கூப்பிட்டார். வெளிச்சத்தில் பார்ப்பதற்காகப் போனைக் கிளையிலிருந்து இறக்கி எடுத்துப் போயிருக்கிறார். டவர் போய்விட்டது. எண்ணை மனதில் வைத்துக்கொண்டு ஓடிவந்து மாட்டியதில் பாதி மறந்துவிட்டது.

"இன்னொரு வாட்டி அனுப்பு. இந்த வாட்டி எறக்க மாட்டேன்" என்றார்.

அதுதான் கடைசி. கடைக்காரப் பெண் அனுப்பினார். நாலைந்து நிமிடம் விட்டு மகள் அடித்தாள். நாத்தனார் உடனே எடுத்தார்.

"இரு, மரத்துல அருவாளால கீறி வச்சிருக்கேன். பாத்துச் சொல்றேன். ஏழு. முட்ட. ரெண்டு. ரெண்டு. ஒம்போது. நாலு."

கடைக்காரப் பெண் அடித்தார். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு பச்சையாக ஒரு அடையாளம் வந்தது.

மகள் போனை வாங்கி, "அத்தை" என்றாள்.

"இன்னாடி டீச்சரு" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கல்லூரி அலுவலகத்தில் காகிதத்தைக் கொடுத்தோம். வாங்கி முத்திரை போட்டார்கள். சான்றுகளை மகளிடமே கொடுத்துவிட்டு நான் கடைசிப் பேருந்தைப் பிடித்தேன். காலியான பையை வழியெல்லாம் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்துச் சமையல் முடிந்ததும், போனை மரத்திலிருந்து எடுத்து வீட்டில் சார்ஜ் போட்டேன். பிறகு அரிவாளை எடுத்துக்கொண்டு போய் நாத்தனார் கொல்லையில் அவருக்கு அடுத்த வரிசையில் சாமை அறுத்தேன். அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டதால் பாதியில் நிறுத்திவிட்டு வந்துவிட்டோம்.