மஞ்சள் துணி கட்டிய கடலைச் செடிகள்

வேங்கிக்காலில் எங்கள் எதிர்வீட்டுப் புதுக் கதவுக்கு வார்னிஷ் அடிக்கிறார்கள். ஜன்னலைச் சாத்தினாலும் வாசனை நிற்கவில்லை. பாதி பெயின்ட், பாதி அழுகிய வாழைப்பழம். பத்திரிகை வேலைக்குப் போவதற்கு முன், எழுபதுகளின் கடைசியில், நான் ஒரு மண் ஆய்வுக்கூடத்தில் எடுபிடியாக இருந்தேன். அங்கே பியூட்டனால் என்ற திரவம் இப்படித்தான் மணக்கும். சட்டையில் ஒட்டி வீடு வரை வரும். பையன் குடிக்கிறானோ என்று அம்மா கொஞ்ச நாள் முகர்ந்து பார்த்தாள்.

வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். செடியின் வேர் மண்ணுக்குள் எதைக் கசியவிடுகிறது என்று பார்ப்பது. கடலைச் செடியை வேர் அறாமல் தோண்டி, அலசி, காய்ச்சி வடித்த நீரில் ஊறவைப்போம். அந்த நீரைச் சுண்டவைத்து வடிதாளில் ஒரு பொட்டு. தாளின் ஓரம் பியூட்டனாலில் நனைந்தால் திரவம் மெல்ல மேலேறும், கசிவில் உள்ளவை தனித்தனியாகப் பிரியும். மருந்து தெளித்துச் சூடு காட்டினால் அமினோ அமிலம் உள்ள இடத்தில் ஊதாப் புள்ளிகள் எழும். வெறுங்கையால் தொட்டால் கைரேகையும் ஊதாவாக வரும். ஆரம்பத்தில் என் விரல்களைத்தான் அதிகம் ஆராய்ந்தோம்.

ஆராய்ச்சி, அங்கே ஆய்வு மாணவியாக இருந்த சரோஜாக்காவுடையது. உதவித்தொகை முடியும் தறுவாய். அந்தப் போகத்து முடிவு நன்றாக வந்தால்தான் நீட்டிப்பு. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு கடலைக் கொல்லையில் செடிகளுக்கு அடையாளக் குச்சி நட்டோம். ஆடுகள் தள்ளினவோ, பிள்ளைகள் பிடுங்கினார்களோ, ஒன்றும் நிற்கவில்லை. என் மஞ்சப்பையைக் கிழித்துச் செடிக்குச் செடி கட்டினேன்.

பௌர்ணமி கழிந்து நான் மட்டும் தோண்டப் போனேன். செடிகளின் அடியில் குங்குமம். மண்ணில் புளித்த பால் வாடை.

"சாமி செடின்னு நடக்கறவங்க ஊத்திட்டுப் போறாங்க. நானும் ஒரு சொம்பு ஊத்தினேன்" என்றார் கொல்லைக்கார அம்மா. சிரித்துக்கொண்டே தோண்டி எடுத்து வந்தேன்.

அந்த முறை தாளில் அவ்வளவு ஊதா. "பார்றா, எவ்ளோ வந்திருக்குது!" என்று சரோஜாக்கா மேசை மேசையாகக் காட்டினார். டீ நேரத்தில் நான் பாலாபிஷேகக் கதையை எடுத்துவிட்டேன், அந்த அம்மாவின் குரலிலேயே. எல்லோரும் சிரித்தார்கள். "அப்போ இது கடலையோட ரிசல்ட்டா, பசுமாட்டோடதா?" என்றார் ஆய்வுக்கூடத் தலைவர். சிரிப்பு ஜாஸ்தியானது. பாலும் தாளில் ஊதாவாகத்தான் வரும். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சரோஜாக்கா வேர் ஊறிய நீரைத் தொட்டியில் புட்டி புட்டியாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, வேணும்னு சொல்லலக்கா."

"பொய்யா சொன்ன? நெசந்தானே." குழாயை மூடினார். "எங்கிட்ட சொல்லியிருந்தா நானே போய் சார்கிட்ட சொல்லியிருப்பேன், தப்பாயிடுச்சுங்கன்னு. இப்போ நான் டீக்கு கடிச்சுக்கிற பக்கோடா ஆயிட்டேன்."

நீட்டிப்பு வரவில்லை. சரோஜாக்கா வேலூர்ப் பக்கம் ஏதோ பள்ளியில் கெமிஸ்ட்ரி எடுப்பதாகக் கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க இரண்டு மணி நேரப் பஸ்தான். போகவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு அதையே தொழிலாக வைத்துச் சம்பளமும் வாங்கினேன்.

ஆய்வுக்கூடம் இப்போது இல்லை. கொல்லை இருந்த இடத்தில் லாட்ஜ். சுத்தமான மண்ணில் இன்னொரு போகம் கிடைத்திருந்தால், அந்தக் கடலையின் வேர் உண்மையில் எதைக் கசிந்தது என்று சரோஜாக்கா கண்டிருப்பார். அங்கே தோண்டிப் பார்க்க இனி மண்ணே இல்லை.