பெருவிரலின் நன்னடத்தை

இறைச்சிக் கடையைத் திறந்ததும் தெல்மோ முதலில் கத்தியைத் தீட்டுவதில்லை. வலது காலணியைக் கழற்றுகிறார். ஜாமீனில் வந்த ஆளைக் காவல் நிலையத்தில் விசாரிப்பதுபோல், பெருவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். சிவப்பில்லை, வீக்கமில்லை. "சரி, போ," என்று அதை உள்ளே அனுப்பிவிட்டு, மாத்திரையை விழுங்கி ஒரு பெரிய குவளைத் தண்ணீர் குடிக்கிறார். பிறகுதான் மோன்டேவீடியோவின் பலெர்மோப் பேட்டைக்கு இறைச்சி கிடைக்கும்.

"இன்னிக்கு மாட்டுக் கிட்னி நல்லா இருக்குமா, தெல்மோ?" என்பார்கள் வாங்க வருபவர்கள்.

"நல்லா இருக்கும்னு கேள்வி," என்பார், முற்றும் துறந்தவர் முகத்தோடு.

இந்த நோயாளி ஆண்டுக்கு ஒருமுறை வைத்தியராகிறார். பிப்ரவரி முரசு ஊர்வலத்தில் ஒட்டுத்தாடி, உயரத் தொப்பி, கைத்தடி, மூலிகைப் பை சகிதம் நடுங்கி நடுங்கி ஆடிவரும் கிழ வைத்தியர் வேஷம் அவருடையது. ஜோடியாகக் கிழத்தாய் வேஷம் கட்டுவது மனைவி நில்டா. சென்ற ஆண்டு ஊர்வலத்துக்கு முதல் நாள் பெருவிரல் கத்தரிக்காயாகப் பழுத்தது. போர்வை பட்டதற்கே அலறினார். ஆனாலும் ஆடினார். அப்படியொரு நொண்டலை அந்தத் தெரு கண்டதில்லை. நடுவர்கள் பரிசே கொடுத்துவிட்டார்கள். கலைக்கு ரத்தம் சிந்துபவர்கள் உண்டு. தெல்மோ அந்த ரத்தத்திலிருந்த யூரிக் அமிலத்தையும் சேர்த்துக் கொடுத்தார்.

ஊர்வலம் முடிந்ததும் நிஜ வைத்தியரிடம் போனார்.

"யூரிக் அமிலம் ஏறியிருக்கு. இது தனியா வர்ற ஆளில்ல, தெல்மோ. தொப்பை, பிரஷர், சர்க்கரை, ரத்தக் கொழுப்பு எல்லாத்தையும் கூட்டிக்கிட்டுத்தான் சுத்தும்."

"எங்க முரசுக் குழு மாதிரியேதான். அப்ப கொடி பிடிச்சு முன்னால வர்றது யாரு, டாக்டரம்மா?"

"அதுலதான் டாக்டர்கள் எங்களுக்குள்ளயே இன்னும் சண்டை. சேர்ந்து வராங்க, அது நிச்சயம்."

தெல்மோ கிட்னியை விட்டார், ஈரலை விட்டார், பீரை விட்டார். அந்தத் துக்கத்தையெல்லாம் இனிப்புச் சோடாவில் ஆற்றிக்கொண்டார். அடுத்த பரிசோதனையில் அமிலம் இருந்த இடத்திலேயே இருந்தது. "அந்தச் சோடாவோட இனிப்பும்தான் அமிலத்தை ஏத்தும்," என்றார் டாக்டரம்மா. ஒரு வாரம் யாரோடும் பேசாமல் இருந்து அதையும் விட்டார். பேருந்தை விட்டு நடந்தார். தினம் மாத்திரை போட்டார். காற்சட்டை தளர்ந்தது, சர்க்கரை அடங்கியது, பெருவிரல் சாதுவானது.

வந்தது வினை. ஒத்திகையில் குழுத் தலைவர் வால்டெமார் உதட்டைப் பிதுக்கினார்.

"உன் நடை போச்சுய்யா. போன வருஷம் அதுல உயிர் இருந்துச்சு."

"உயிரில்ல, வலி."

"ஏதோ ஒண்ணு. இப்படிப் புது மாப்பிள்ளை மாதிரி நடந்தா தாடியை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்."

முப்பது வயதிலிருந்து ஒட்டிய தாடி அது. தெல்மோ குளிர்பதன அறையின் கதவைச் சாத்திக்கொண்டு, தொங்கும் மாட்டுத்தொடைகளுக்கு முன்னால் நொண்டிப் பழகினார். பழைய வலியைக் கணுக்கணுவாக நினைவுக்கு வரவழைத்தார். மாடுகள் கருத்துச் சொல்லவில்லை.

ஊர்வலத்துக்கு முதல் நாள் மன்றத்தில் விருந்து. வால்டெமார் ஒரு தட்டு நிறையச் சுட்ட கிட்னியும் பீரும் கொண்டுவந்து வைத்தார். கிட்னி தெல்மோ தன் கையால் வெட்டி விற்றதுதான்.

"சாப்பிடுய்யா. நாளைக்கு அந்த நடை தானா வந்துடும். குழுவுக்காக."

"குழுவுக்காக உன் காலை வீங்க வெச்சுக்கோ," என்றாள் நில்டா.

தெல்மோ தட்டை நீண்ட நேரம் முகர்ந்தார். பிறகு வால்டெமார் பக்கமே நகர்த்திவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

மறுநாள் முரசுகள் முழங்க, கிழ வைத்தியர் காலை இழுத்து இழுத்து வந்தார். மாடிகளில் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். வால்டெமாரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். விசிறியை வீசிக்கொண்டு பக்கத்தில் சுழன்ற நில்டாவுக்கு முகம் வெளிறிவிட்டது.

"கிழவா, மறுபடியும் வந்துடுச்சா? மறைக்காதே. இப்பவே நிறுத்திடலாம்."

நடுக்கம் குறையாமல், வேதனை முகம் மாறாமல், தெல்மோ கைத்தடியை உயர்த்தினார்; அடுத்த முரசடி விழுந்த அதே நொடியில் தன் வலது பெருவிரல்மேல் நச்சென்று ஒரு போடு போட்டுவிட்டு, நில்டாவைப் பார்த்துக் கண்ணடித்தார்.