எலிக்குதிரில் பாதி

வடகோடிப் பனிநாட்டில், எங்கள் குஸ்கோக்விம் ஆற்றங்கரையில் மத்ரோனாவின் கால்களுக்குத் தனி மரியாதை உண்டு. இலையுதிர் காலத்தில் கிழங்கு தேடப் போகும் பெண்கள் எல்லோரும் தரையைப் பார்த்து நடப்பார்கள். இவள் மட்டும் ஊர்வம்பு பேசிக்கொண்டு, வானத்தைப் பார்த்து நடப்பாள். எலி குளிர்காலத்துக்குக் கிழங்கு சேர்த்து வைத்திருக்கும் இடத்தில் புல்தரை மெத்தென்று அமுங்கும். அவள் குதிகால் அதைக் கண்டுபிடித்துவிடும். புல்லை வட்டமாக அறுத்துத் தூக்கினால் உள்ளே எலியின் குதிர் இருக்கும். சல்லிவேரைக் கடித்து நீக்கி, அடுக்கி வைத்த இனிப்புக் கிழங்குகள். எங்கள் வீட்டுச் சமையலறைகள்கூட அத்தனை சுத்தமில்லை.

பாதிதான் எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் கருவாடு வைத்து, புல்லை மூடி, தட்டிவிட்டு வர வேண்டும். மொத்தத்தையும் பறிகொடுத்த எலி, வில்லோ என்னும் ஆற்றோரப் புதரின் கவட்டைக் கிளையில் கழுத்தை மாட்டித் தொங்கிவிடும் என்பார்கள். ஐம்பத்தெட்டு வயது வரை மத்ரோனா இதில் ஒருமுறைகூடத் தவறியதில்லை. வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் கை சுத்தம்.

அந்த வருடம் ஆகஸ்ட் கடைசியில் அவள் கணவன் வாசிலி இறந்தான். படுக்கையில் கிடந்தபடி அவன் கேட்டது இந்தக் கிழங்கு சூப்பைத்தான். அப்போது எலிகள் சேர்க்கவே தொடங்கியிருக்கவில்லை. கேட்டதைக் கொடுக்க முடியாமல் அனுப்பிவிட்டோமே என்று அவள் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. இறந்த நாற்பதாம் நாள் கொடுக்கும் விருந்தில் அவன் பேரைச் சொல்லி ஊருக்கே அதை ஊற்றுவது என்று ஒரே பிடிவாதமாக நின்றாள்.

விருந்துக்கு முதல் நாள் ஒரே ஒரு குதிர்தான் அகப்பட்டது. பாதி எடுத்தால் பானையின் அடிகூட நிறையாது. அவள் மொத்தத்தையும் வழித்து எடுத்தாள். எலிக்கென்று கொண்டுவந்த கருவாடும் கையில் இல்லை. துக்கத்தில் பல நாள் சாப்பிடாமல் கிடந்தவள், வழியிலேயே அதைத் தின்றுவிட்டிருந்தாள்.

"நாளைக்குக் கொண்டாந்து வைக்கிறேன்" என்று குழிக்குள் சொல்லிவிட்டு மூடினாள்.

மறுநாள் எழுந்தபோது வெளியே முழங்கால் அளவு முதல் பனி; குழி இருந்த இடமே தெரியவில்லை.

விருந்தில் வாசிலியின் தங்கை ஒலிங்கா இரண்டு கிண்ணம் குடித்தாள். "அண்ணி, இவ்வளவு கிழங்கு எப்படிக் கெடைச்சுது? பதிலுக்கு என்ன வச்சீங்க?"

"கருவாடுதான். பின்ன, உன்னைத் தூக்கியா வைக்க முடியும்? எலி பயந்துடாது?"

எல்லோரும் சிரித்தார்கள். மத்ரோனா மட்டும் தன் கிண்ணத்தைக் குடிக்காமல் நகர்த்தி வைத்தாள்.

வாசிலி கோடையில் பிடித்துப் புகைபோட்ட சால்மன் கருவாடுதான் வசந்தம் வரை அவளுக்குச் சோறு. அது வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் தொங்கியது. டிசம்பரில் ஒருநாள் உச்சிப்பொழுதில் அங்கிருந்து கறுக் கறுக்கென்று சத்தம் வந்தது. போய்ப் பார்த்தாள். சுற்றிலும் பனியில் ஒரு தடம் இல்லை. கதவைத் தொட்டதும் சத்தம் நின்றது. திறக்காமல் திரும்பினாள். அதற்குப் பிறகு தினமும் அதே நேரத்தில் அதே சத்தம். வீட்டுக்குள் எடுத்து வைத்திருந்த கருவாட்டைத் தின்றே நாட்களைத் தள்ளினாள். அது தீர்ந்த அன்று ஒலிங்காவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள்.

"நான் வழிச்சு எடுத்தேன்ல, அந்த எலியும் வழிச்சு எடுக்கத்தான் வந்திருக்கு."

 ஒலிங்கா எழுந்தாள். "வாங்க, பாத்துடலாம். தின்ன ஒண்ணுமில்லாம செத்தாலும் சாவீங்க, கதவைத் தொறக்க மாட்டீங்களா?"

திறந்தார்கள். எங்கள் வழக்கப்படி மீனை இரண்டாகப் பிளந்து, வால் மட்டும் ஒட்டியிருக்கக் கழியின் இருபுறமும் தொங்கவிட்டிருந்தான் வாசிலி. இப்போது ஒவ்வொரு மீனிலும் ஒரு பக்கம் இல்லை. அந்தப் பக்கம் கத்தியால் அறுத்தது போல வாலடியோடு முடிந்திருந்தது. ஒற்றைப் பக்கம் தொங்கினால் கனத்தில் நழுவி விழ வேண்டும். ஒன்றுகூட விழவில்லை.

"இது எப்படி நிக்குது, அண்ணி?" ஒலிங்கா ஒரு மீனைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டாள்.

தரையில் பாசி போர்த்திய ஒரு சிறு குவியல். விலக்கினால் கிழங்குகள், சல்லிவேர் நீக்கி அடுக்கியவை.

மத்ரோனா அப்படியே உட்கார்ந்து அழுதாள். "பாதியை விட்டுவச்சுருக்குடி. பதிலுக்கும் வச்சுருக்கு. நான் ஒண்ணுமே வைக்கலையே."

பாதிக் கருவாட்டில் அவள் வயிற்றைக் கட்டிக் குளிர்காலத்தைத் தாண்டினாள். வசந்தத்தில் மேட்டுப் பக்கம் பனி கரைந்ததும், இருந்ததில் பெரிய கருவாட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள். தரை இன்னும் இரும்பாக உறைந்து கிடந்தது. அவள் அறுத்த வட்டம் அப்படியே இருந்தது. பக்கத்துப் புதரின் கவட்டைக் கிளையில் ஏதோ தொங்கியது.

எலி. காய்ந்து, சருகாகிப் போயிருந்தது. அதன் முதுகில் மஞ்சள் இலை ஒன்று ஒட்டியிருந்தது. அவள் வழித்தெடுத்த அன்றே, முதல் பனி விழும் முன்பே, அது செத்திருக்கிறது.

அப்படியானால் டிசம்பரில் வந்தது எது? அவள் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. எலியை இறக்கி, கருவாட்டோடு குழிக்குள் வைத்து மூடித் தட்டினாள். "தாமதமாயிடுச்சு" என்றாள்.

திரும்பி நடந்தாள். உறைந்த தரை, வீடு வரைக்கும், கால் வைத்த இடமெல்லாம் மெத்தென்று அமுங்கியது. அவள் ஒரு இடத்திலும் குனியவில்லை.