எந்தக் கல்?

தேவதாஸுக்குக் கோபம் மூக்கு நுனியில். குளச்சலில் வலை இழுத்த காலத்திலும் அப்படித்தான், அமீரகத்து அல் ஐனில் பங்களாப் புல்தரைகளைப் பராமரிக்க வந்த பிறகும் அப்படித்தான். ஆனால் 2006இல் வந்த கோபத்தில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததால் ஆறவும் இல்லை.

ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை மகள் அஜிஷாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் குவைத்தில் வேலை. அவன் லீவு முடிவதற்குள் தாலி ஏறியாக வேண்டும், தேதியைத் தள்ளிப்போட வழியே கிடையாது. தேவதாஸின் லீவோ ஃபோர்மேன் மஹ்மூதின் கையில்.

பிப்ரவரி கடைசியில், மண் சூடாகும் முன், புல்தரையில் ஒரு குருணை மருந்து தூவுவார்கள். களை விதை முளைக்காது. மருந்துக்கு ஆள் தெரியாது, புல் விதையையும் முளைக்க விடாது. இது இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயம்தான்.

ஒரு பங்களாவின் பின்பக்கம் சொட்டையாகக் கிடந்தது. விதை மூட்டையை இறக்கிய தேவதாஸ் மஹ்மூதுக்குப் போன் போட்டார்.

"பாய், இதர் தவாய் கப்?" இங்கே மருந்து எப்போது?

"தவாய் கல்," என்று சொல்லி மஹ்மூது வைத்துவிட்டான்.

தமிழில் கல் என்றால் கல். இந்தியில் அது நேற்றும்தான், நாளையும்தான். இப்படியும் ஒரு பாஷையா? நாளைக்குத்தானே, விதைத்தாயிற்று என்று சொல்லி மருந்தை நிறுத்திவிடலாம் என்று தேவதாஸ் அன்றே விதையைத் தூவினார். மஹ்மூது சொன்ன கல் நேற்று. தண்ணீரில் கரைந்த மருந்து கண்ணுக்குத் தெரியுமா?

மார்ச் முழுக்க ஒரு முளை இல்லை. தேவதாஸ் கேட்காமலே விதைத்துவிட்டான் என்று முதலாளியிடம் போட்டுக்கொடுத்த மஹ்மூது, தேவதாஸைப் பார்த்து விரலை ஆட்டினான்.

"காஸ் மாஃபி, சுட்டி மாஃபி." புல் இல்லை, லீவும் இல்லை.

தேவதாஸுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மேல்மண்ணைச் சுரண்டி எறிந்து, புது மண் கொட்டி, மறுபடி விதைத்தார். குளச்சல் கடற்கரையில் புழங்கும் வசவு ஒன்று விடாமல் மஹ்மூதின் மேல் கொட்டினார். மிச்சம் தனக்கு. "எந்தக் கல்லுன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கப்பிடாதாலே, மடையா?"

மனைவி தங்கபுஷ்பம் போனில் கேட்டாள். "வருவியளா மாட்டியளா? பிள்ளைய கையப் புடிச்சுக் கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போறது யாரு?"

"ஒந் தம்பிய நிக்கச் சொல்லு."

அன்று அவர் சோற்றைத் தொடவில்லை.

ஈஸ்டர் கழிந்து செவ்வாய்க்கிழமை காலை, புல் ஊசி ஊசியாகத் தலைகாட்டியது. பார்க்க வந்த மஹ்மூதுக்கு முகமெல்லாம் சிரிப்பு. கம்பெனி பிடித்து வைத்திருந்த பாஸ்போர்ட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான்.

"பாய், பேட்டி கா ஷாதி கப்?" மகள் கல்யாணம் எப்போது?

தேவதாஸ் அதை வாங்கவில்லை.

"கல்," என்றார்.

அச்சா, யல்லா, கிளம்பு, இன்றைக்கே விமானத்தைப் பிடி, நானே ஏர்போர்ட்டில் விடுகிறேன் என்று மஹ்மூது பரபரத்தான். தேவதாஸ் குனிந்து தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார்.

"எந்தக் கல்லுன்னு கேளுலே," என்றார், தமிழில்.