செல்லையா முதலாளி கொடுத்த வெள்ளைத் துணி

கண்டிக்குப் போகும் வழியில், கடுகண்ணாவை மலை ஏற்றத்தில் பஸ் முனகிக்கொண்டிருந்தபோது செல்லையா முதலாளியின் மகள் அழைத்தாள். அப்பா காலையில் போய்விட்டார் என்றாள். கண்டி நகருக்குள் புடவைக் கடைகள் வரிசையாக இருக்கும் கொழும்பு வீதி என்ற தெருவின் வரலாற்றை எழுதப்போவதாக ஊரெல்லாம் சொல்லித் திரியும் பள்ளிக்கூட மாஸ்டர் நான். அதில் பாதி அவரோடு போய்விட்டது.

அவரிடம் புடவை எடுத்தவர்களுக்குத் தெரியும், மனிதர் விலையில் இறங்கமாட்டார், பேச்சில் இறங்கவே மாட்டார். பழைய கதை கேட்டால் தேத்தண்ணி வரும், பதில் வராது.

கண்டிக்குப் பக்கத்தில் திகனயில் முஸ்லிம்களின் கடைகளைக் கும்பல் எரித்த நாட்களில், ஊரடங்கு எடுத்ததும் அவரைப் பார்க்கப் போனேன். கடையைத் திறந்துவைத்திருந்தார். கோப்பையை நீட்டும்போது தேத்தண்ணியை மேசையில் சிந்திவிட்டார். வயசாகிவிட்டது என்றார், நானும் நம்பினேன்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. கேட்ட துணி இல்லையென்றால், வந்தவரைக் கதிரையில் உட்காரவைத்துவிட்டு, வேறு கடையில் வாங்கிவந்து கொடுப்பார்கள். தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று யாரும் பார்ப்பதில்லை. இதில் யாருக்கும் இல்லை என்று சொல்லாதவர் என்று செல்லையா முதலாளிக்குப் பெயர்.

போன மாதம் ஆஸ்பத்திரியில்தான் வாய் திறந்தார். எண்பத்து மூன்று கலவரத்தில், தமிழர் கடைகளை எரிக்க வந்த கும்பலுக்கு அவருடைய கடையைக் கைகாட்டியது அதே தெருக் கடைக்காரர் ஒருவர். கதவிடுக்கில் இவர் பார்த்திருக்கிறார். மறுபடி கடை திறந்தபின் வந்த முதல் போயாவுக்கு, விகாரைக்கு வெள்ளை உடுத்திப் போகும் பௌர்ணமிக்கு, அதே ஆள் தன் கடையில் உட்காரவைத்த ஒருவருக்காக வெள்ளைத் துணி கேட்டு வந்து நின்றார். இவர் வெட்டிக் கொடுத்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எப்படி மனது வந்தது என்று கேட்டேன்.

“பெரிய மனசுன்னு எல்லாரும் சொல்றாங்க மாஸ்டர். பயத்துலதான் குடுத்தேன். இல்லேன்னா தெருவ விட்டே போயிருக்கணும். எங்க போறது?” மூச்சு வாங்கியது. பிறகு பெயரைச் சொன்னார். “பேர மட்டும் போடாதீங்க. அவரு மகன் நல்ல பையன். நான் பயந்தத எழுதுங்க.”

சாவு வீட்டுக்குத் தெருவே வந்திருந்தது. வாய்க்கு வாய் பெரிய மனசுதான். அந்த மகனும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். தன் அப்பாவும் இவரும் உயிர்க் கூட்டாளிகளாம். வரலாற்றில் அதையும் சேர்க்கும்படி சிங்களத்தில் கேட்டுக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

செல்லையா முதலாளி எனக்கு விட்டுப்போனது ஒரு பெயர். அதை யாரிடமும் சொல்லமாட்டேன். ஆனால் அவரைப் பெரிய மனசுக்காரர் என்று எழுத என் கை வராது. அவர் பயந்தார். பயந்துகொண்டேதான் அத்தனை வருடமும் கடை திறந்தார்.