பிளம்பரில் ஒரு ‘பி’

எண்பதுகளின் கடைசியில் இரும்புலியூரில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தேன். நான் படித்தது தமிழ் மீடியம். ஆங்கிலத்தைக் காதால் கேட்டவனில்லை, கண்ணால் படித்தவன். அதனால் ஒரு சொல்லில் இருக்கும் எழுத்துகளில் ஒன்றைக்கூட விடாமல் உச்சரிப்பேன். அதுதான் திருத்தமான ஆங்கிலம் என்று நம்பினேன். மற்ற ஆசிரியர்களும் நம்பினார்கள். சந்தேகம் வந்தால் என்னிடம்தான் கேட்பார்கள்.

வாய்மொழித் தேர்வில் ஒரு மாணவி பாடத்தை வாசிக்கும்போது ‘பிளம்மர்’ என்றாள். நிறுத்தினேன். கரும்பலகையில் அந்தச் சொல்லை எழுதி, நடுவிலிருந்த ‘பி’க்குக் கீழே அழுத்தமாகக் கோடு போட்டேன். “இதை யார் சொல்வா, உங்க அப்பாவா?” என்றேன். வகுப்பு சிரித்தது. இரண்டு மார்க் குறைத்தேன்.

அடுத்த வாரம் அவள் அப்பா வந்தார். தோளில் ஒரு பை, அதற்குள் ஸ்பேனர். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவரோ கைகட்டி நின்றார். குழாய் வேலைதான் செய்வதாகவும், பல்லாவரம் பக்கம் ஒரு வெள்ளைக்கார இன்ஜினியரிடம் மூன்று வருஷம் இருந்ததாகவும், அவர் தன்னை ‘பிளம்மர்’ என்றே கூப்பிட்டதாகவும் சொன்னார்.

“எது கரெக்ட்டுன்னு சொல்லிட்டா தேவல சார். பொண்ணு வூட்ல என்னைத் திருத்திக்கினு கீது.”

அது அமெரிக்க உச்சரிப்பு, நம் பரீட்சைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டேன். அந்த இன்ஜினியர் எந்த நாட்டுக்காரர் என்றுகூடக் கேட்கவில்லை. அவள் அப்பா நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் நூலகத்தில் அகராதியைப் பிரித்தேன். அந்த ‘பி’க்கு ஒலியே இல்லை. மேலும் பக்கங்களைப் புரட்டினேன். சீப்பு, கல்லறை, ரசீது எல்லாவற்றுக்குமான ஆங்கிலச் சொற்களில் சும்மா இருந்த எழுத்துகளை நான் ஏழு வருஷமாக வம்படியாகப் பேச வைத்திருந்தேன்.

மறுநாள் வகுப்பில் ஒப்புக்கொண்டு மார்க்கைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பெண் உட்காராமல் நின்றாள். அப்பா இப்போது எல்லோரிடமும் ‘பிளம்பர்’ என்றுதான் சொல்கிறாராம், சாரே சொல்லிவிட்டாரே என்று.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் அவர்கள் குடியிருந்த மாடம்பாக்கம் போனேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்து, தப்பு என்னுடையது என்றேன். அவர் கோபப்படவில்லை. டீ வரவழைத்தார். பிறகு யோசனையோடு, அப்படியானால் அந்த ‘பி’யை எதற்குப் போட்டார்கள் என்று கேட்டார். தெரியாது என்றேன்.

அவர் உள்பக்கம் திரும்பி மனைவியிடம் சொன்னார்: “சாருக்கே தெரியாதாம்.”